சில விலங்குகள் வெள்ளையாகப் பிறப்பது ஏன்?

செட்டிநாட்டில் நெடுநாள் பூட்டிக் கிடந்த பெரிய வீடு ஒன்றைத் திருமணத்துக்கோ பங்காளிகளின் படைப்புக்கோ திறந்து துப்புரவு செய்யும்போது, மேல்மாடத்து இருட்டிலிருந்து வெண்தூவி போர்த்த குஞ்சுகள் இரண்டு மூன்று சீறிக்கொண்டு வெளிப்படுவதுண்டு. அன்று மாலைக்குள் ‘அபூர்வ வெள்ளை ஆந்தை’ என்ற படம் கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கிவிடும். வெளிநாட்டிலிருந்து வழிதவறி வந்த பறவை என்பார் ஒருவர். ‘அல்பினோ’, அதாவது நிறப்பொருள் இல்லாமல் பிறந்தது, என்பார் கொஞ்சம் படித்த இன்னொருவர். உண்மையில் அது கூகை. நம் ஊர்ப் பழைய கட்டடங்களிலேயே முட்டையிட்டு, வயல் எலிகளைத் தின்று வாழ்கிற பறவை. அதன் முகமும் அடிவயிறும் இயல்பிலேயே வெண்மையானவை. குஞ்சின் தூவியும் அப்படியே. அங்கே குறையும் இல்லை, அதிசயமும் இல்லை.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், வெண்மையாகத் தென்படும் எதையும் ஒரே பெயரில் அடக்கிவிடும் பழக்கம். வண்டலூர் உயிரியல் பூங்காவின் வெள்ளைப் புலி, கூண்டில் வளரும் வெள்ளை மயில், ராஜபாளையம் நாய், நெற்றியில் சுட்டியுடன் பிறந்த கன்று, சிவந்த கண்ணுள்ள வெள்ளை முயல் ஆகிய அனைத்தையும் அல்பினோ என்று சொல்லக் கேட்கிறோம். இவற்றில் அந்தப் பெயருக்கு உரியது முயல் ஒன்றுதான். வெண்மை என்பது நம் கண்ணுக்குத் தெரியும் முடிவு மட்டுமே. அந்த முடிவுக்கு வந்து சேரும் வழிகள் பல. எந்த வழியில் வந்தது என்பதைப் பொறுத்து அந்த விலங்கின் பார்வையும் செவியும் உடல்நலமும் வேறுபடுகின்றன.

இனத்துக்கே உரிய வெண்மையை முதலிலேயே விலக்கிவிடலாம். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் அருகே வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்களுக்கு வரும் கொக்குகள் தலைமுறை தலைமுறையாக வெள்ளையாகவே பிறப்பவை. (அந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் கொள்ளுகுடிப்பட்டி என்பது நாடறிந்த செய்தி.) நம் கேள்வி அவற்றைப் பற்றியது அன்று, நிறமுள்ள பெற்றோருக்கு நிறமில்லாத குட்டி பிறப்பது எப்படி என்பதே கேள்வி.

நிறம் உருவாகும் விதம்

பாலூட்டிகளின் தோலுக்கும் ரோமத்துக்கும் கண்ணுக்கும் நிறம் தருவது மெலனின் என்ற நிறப்பொருள். அதில் இரண்டு வகை உண்டு. காரி மாட்டின் கருமையைத் தருவதைக் கருமெலனின் என்றும், செவலை மாட்டின் செம்மையைத் தருவதைச் செம்மெலனின் என்றும் வைத்துக்கொள்வோம். மாட்டுச் சந்தையில் பெயர் சொல்லி அழைக்கப்படும் நிறங்களெல்லாம் இந்த இரண்டின் அளவும் கலப்பும் இடமும் மாறுவதால் வருபவை. மெலனினை உருவாக்குவதற்கென்றே ஒரு தனிவகைச் செல் இருக்கிறது. அதன் அறிவியல் பெயர் மெலனோசைட், இங்கே நிறச்செல் என்போம். ரோமம் தன் நிறத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. ரோம வேரில் அமர்ந்திருக்கும் நிறச்செல் மெலனினைச் சிறு பொதிகளாக்கி வளரும் ரோமத்துக்குள் செலுத்துகிறது.

இந்த நிறச்செல்கள் தோலில் பிறந்தவை அல்ல என்பதை அறிந்தால்தான் பின்னால் வருவது விளங்கும். கரு மிகச் சிறியதாக இருக்கும் காலத்தில், பிற்பாடு மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகப்போகும் குழலின் மேல்விளிம்பில் நரம்பு முகடு என்ற செல்தொகுதி தோன்றுகிறது. நிறச்செல்களாக ஆக வேண்டியவை அங்கிருந்து புறப்பட்டு, வழியெல்லாம் பெருகிக்கொண்டே நகர்ந்து, முதுகிலிருந்து விலாவுக்கும் வயிற்றுக்கும் கால்களுக்கும், தலையிலிருந்து முகத்துக்கும் பரவுகின்றன. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் கரிய நிறப்படலம் இப்படி வந்து குடியேறுவதில்லை. மூளையிலிருந்து நீண்டு கண்ணாக வளரும் பகுதியிலேயே அது உருவாகிவிடுகிறது.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்குவது எளிது. அங்கே கண்ணாடிப் பலகையின் மேல் பூ வடிவ உலோகச் சட்டத்தை வைத்து, அதன் ஒவ்வோர் அறைக்குள்ளும் நிறம் கலந்த சிமெண்டுக் கரைசலை ஊற்றுகிறார்கள். நிறம் இருக்க வேண்டிய அறை ஒன்று வெறுமையாகத் தெரிந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும்: ஊற்றுகிறவர் அந்த அறைக்கு வந்தார், ஆனால் அவர் கரைசலில் நிறப்பொடி இல்லை, அல்லது நிறப்பொடி சரியாக இருந்தது, ஊற்றுகிறவர்தான் அந்த அறைக்கு வரவில்லை. கல்லைப் பார்த்து எது நடந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் போகலாம். விலங்கின் உடலைப் பார்த்துப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், நிறம் தோன்ற இரண்டு வேலைகள் நடந்தாக வேண்டும். நிறச்செல் உரிய இடத்துக்கு வந்து சேர வேண்டும். வந்து சேர்ந்த செல் மெலனினை உருவாக்க வேண்டும். எந்த வேலை கெட்டது என்பதே ஒரு வெண்மையை இன்னொன்றிலிருந்து பிரிக்கிறது.

செல் வந்தும் நிறம் உருவாகாதபோது

நிறச்செல்கள் உடலெங்கும் வந்து அமர்ந்தும் மெலனினை உருவாக்க இயலாத நிலைக்கு அல்பினிசம் என்று பெயர். டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்துதான் மெலனின் உருவாகத் தொடங்குகிறது. அந்தத் தொடக்கத்தை நடத்திவைப்பது டைரோசினேஸ் என்ற நொதி. அந்த நொதிக்கான மரபணு பழுதானால் தொடக்கமே நின்றுபோகிறது. வேறு சில மரபணுக்களின் பழுதும் ஏறத்தாழ இதே விளைவைத் தரும். குறை உற்பத்தியில் இருப்பதால் உடலில் எந்த இடத்துக்கும் விலக்கு இல்லை. ரோமம், தோல், மூக்கு, கண் என்று எங்கும் மெலனின் இராது. வெள்ளை முயலின் கண் சிவந்திருப்பது இதனால்தான். அது நிறப்பொருளின் சிவப்பு அன்று. மறைத்து நிற்க வேண்டிய நிறப்படலத்தில் மெலனின் இல்லாததால் வெளித்தெரியும் இரத்தக் குழாய்களின் சிவப்பு. எனினும் அல்பினோ என்றால் கண் சிவந்தே இருக்க வேண்டும் என்பதும் சரியன்று. மனிதர்களில் அது வெளிறிய நீலமாகவோ சாம்பலாகவோ தென்படுவதே அதிகம்.

மெலனின் இல்லாத கண்ணுக்கு வெயில் கூசும் என்பதை எவரும் ஊகித்துவிடலாம். எளிதில் ஊகிக்க முடியாத ஒன்றும் உண்டு. கரு வளரும் காலத்தில், விழித்திரை செம்மையாக அமைவதற்கும் அதிலிருந்து புறப்படும் நரம்பிழைகள் மூளையின் சரியான பக்கத்தைச் சென்றடைவதற்கும் அந்த நிறப்படலத்தின் மெலனின் உருவாக்கம் துணைபுரிகிறது. அது நடைபெறாதபோது நரம்பிழைகளில் ஒரு பகுதி தவறான பக்கத்துக்குப் போய்விடுகிறது. மங்கலான பார்வை, தானாக ஆடிக்கொண்டிருக்கும் விழி, மாறுகண் ஆகியவை இதன் விளைவுகள். நரம்புகள் பின்னப்பட்ட விதத்திலேயே கோளாறு இருப்பதால் கண்ணாடி அணிந்து முழுதாகச் சரிசெய்துவிட முடியாது.

ஸ்னோஃப்ளேக் என்ற பெயரில் உலகம் அறிந்த வெள்ளைக் கொரில்லா உண்மையான அல்பினோ. 1966இல், இன்று எக்குவடோரியல் கினி எனப்படும் நாட்டில் குட்டியாகப் பிடிபட்டு, பார்சிலோனா உயிரியல் பூங்காவில் வாழ்ந்து, 2003இல் தோல் புற்றுநோயுடன் அது இறந்தது. வெயிலிலிருந்து தோலைக் காப்பதும் மெலனினின் வேலை என்பதை நினைத்தால் அந்த முடிவு வியப்பளிக்காது. அதன் மரபணுத் தொகுதியை ஆராய்ந்து 2013இல் வெளியான முடிவுகள், அதன் பெற்றோர் நெருங்கிய இரத்த உறவினர் என்பதைக் காட்டின. இந்த உறவுச் செய்திக்குக் கீழே திரும்புவோம்.

அல்பினிசத்தின் ஒரு கிளையாகச் சயாமியப் பூனையைச் சொல்லலாம். அதன் டைரோசினேஸ் முற்றிலும் கெட்டுவிடவில்லை. உடலின் உட்சூட்டில் செயலிழந்தும், சற்றுக் குளிர்ந்த இடத்தில் செயல்பட்டும் வருமாறு திரிந்திருக்கிறது. தாய் வயிற்றின் சூட்டில் வளர்ந்த குட்டி ஏறத்தாழ வெள்ளையாகவே பிறக்கும். பிறந்த பின், மற்ற இடங்களைவிடச் சூடு குறைந்த காதும் முகமும் பாதமும் வாலும் மட்டும் கருத்து வரும். குட்டியை வெள்ளைப் பூனை என்று நினைத்து வாங்கியவர் சில வாரங்களில் ஏமாற்றம் அடைவார். விற்றவர் மீது பிழையில்லை.

செல்லே வந்து சேராதபோது

நிறச்செல்கள் போதிய அளவு பெருகாமலோ வழியில் மடிந்தோ தோலை எட்டாமல் போகும் நிலை லூசிசம். இங்கே மெலனினை உருவாக்கும் திறனில் பழுது இல்லை. செல் எட்டாத இடம் தூய வெண்மையாகவும், எட்டிய இடம் முழு நிறத்துடனும் இருக்கும். ஒரே உடலில் பால் வெண்மையும் அடர் கருமையும் தெளிவான எல்லையுடன் அடுத்தடுத்து நிற்க முடியும். உடல் முழுவதும் உற்பத்தி நின்றுபோன அல்பினிசத்தில் இப்படித் திட்டுத் திட்டாக அமைய வழியில்லை.

சிராவயல் மஞ்சுவிரட்டுத் திடலில் செம்மறை, கருமறை என்று சுட்டப்படும் திட்டு நிறக் காளைகளையும், நெற்றிச் சுட்டியும் வெண்கால்களும் கொண்ட உம்பளச்சேரி மாடுகளையும் பார்த்தவர்கள் ஓர் ஒழுங்கைக் கவனித்திருக்கலாம். வெண்மை பெரும்பாலும் நெற்றி நடுவிலும் அடிவயிற்றிலும் கால்களின் கீழ்ப்பகுதியிலும் வால்நுனியிலும்தான் அமைகிறது. நிறச்செல்கள் புறப்பட்ட இடத்திலிருந்து மிகத் தொலைவானவை இவை. செல்கள் சற்றே குறைந்தாலும் முதலில் விடுபட்டுப் போகும் இடங்கள். அந்தக் குறைவு மிகும்போது வெண்மை மேலேறிப் பரவும். முற்றிய நிலையில் உடல் முழுவதும் வெளுத்துவிடும். சுட்டிக் கன்றும் முழு வெள்ளைக் கன்றும் பல நேரங்களில் ஒரே நிகழ்வின் சிறிய அளவும் பெரிய அளவுமாகவே இருக்கின்றன. கிரகணத்தால் கன்றுக்குச் சுட்டி விழுகிறது என்று சொல்வதுண்டு; இரண்டுக்கும் தொடர்பு இல்லை.

லூசிசத்தால் முழுதும் வெளுத்த விலங்கின் கண்ணைப் பார்த்தால் அது சிவந்திருக்காது. விழித்திரைக்குப் பின்னுள்ள நிறப்படலம் உள்ளூரிலேயே உருவானது என்று முன்னே சொன்ன விதிவிலக்கு இங்கே பயன்படுகிறது: வெளியிலிருந்து வர வேண்டிய செல்கள் வராமல் போனாலும் அந்தப் படலம் கெடுவதில்லை. கருவிழிக்கு வர வேண்டிய செல்களும் தவறிவிட்டால் கண் நீலமாகத் தெரியும். இல்லையேல் வழக்கமான நிறத்திலேயே இருக்கும். பார்வையும் பொதுவாக நன்றாகவே இருக்கும்.

ஆகவே வெள்ளை விலங்கு ஒன்றைக் கண்டால் முதலில் கண்ணையும், அடுத்து மூக்கையும் தோலையும் பார்க்க வேண்டும். கண் வரை நிறம் இழந்திருந்தால் அல்பினிசம் என்று கருதலாம். கண்ணில் நிறம் இருந்து உடல் மட்டும் வெளுத்திருந்தால் லூசிசத்தின் பக்கம் எண்ண வேண்டும்.

நிறத்துக்கும் செவிக்கும் உள்ள தொடர்பு

நிறச்செல்கள் போய்ச் சேரும் இடங்களில் தோல் மட்டுமே நம் கண்ணுக்குத் தெரிகிறது. அவற்றில் சில உட்செவிக்கும் போகின்றன. அங்கே அவற்றின் பணி நிறம் தருவது அன்று. செவிச்சுருளுக்குள் இருக்கும் திரவத்தில் பொட்டாசியம் மிகுந்திருக்க வேண்டும், அதில் குறிப்பிட்ட மின்னழுத்தமும் நிலவ வேண்டும். அப்போதுதான் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் இயங்கும். அந்த மின்னழுத்தத்தைக் காக்கும் திசுவில் நிறச்செல்கள் இன்றியமையாத உறுப்பினர்கள். அவை வராத செவியில், குட்டி பிறந்த முதல் சில வாரங்களுக்குள் அந்தத் திசு நலிந்து, மயிர்ச்செல்கள் மடிந்து, கேட்கும் திறன் மீளாமல் போகிறது.

நீலக் கண்ணுள்ள வெள்ளைப் பூனைகள் பெரும்பாலும் செவிடு என்பது டார்வின் காலத்திலேயே கவனிக்கப்பட்டது. உடலில் வெண்மை மிகுந்த டால்மேஷியன் நாய்களில், அமெரிக்காவில் சோதிக்கப்பட்டவற்றுள் ஏறத்தாழ 30 விழுக்காடு ஒரு காதிலாவது கேளாதவை. நமக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு ராஜபாளையம் நாய். பால் வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் அந்த இனத்தின் சிறப்பு என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். அதில் கேளாத குட்டிகள் மிகுதியாகப் பிறப்பதையும் வளர்ப்பவர்கள் நன்றாக அறிவார்கள். காவலுக்குப் பெயர்போன ஒரு நாயினத்தில், வெண்மையை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொண்டு செவியைக் கைவிடுவது சரியான தேர்வாக எனக்குத் தோன்றவில்லை.

அல்பினோ விலங்குக்கு இந்தக் கேளாமை வராது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அதன் உட்செவிக்கு நிறச்செல்கள் தவறாமல் வந்திருக்கின்றன. மெலனின் இல்லாவிட்டாலும் திரவத்தைக் காக்கும் வேலையை அவை செய்கின்றன. பார்வை கெட்டு செவி நன்றாக இருப்பது அல்பினிசத்தின் போக்கு, பார்வை நன்றாக இருந்து செவி கெடக்கூடியது லூசிசத்தின் போக்கு. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு வெள்ளைக் குட்டிகளை ஒரே பெயரால் அழைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

வெள்ளைப் புலி எந்த வகை?

இரண்டிலும் அடங்காது. அல்பினோவாக இருந்தால் அதற்கு வரிகள் இருக்கக் கூடாது. லூசிசம் என்றால் வரிகள் ஒழுங்காக உடலெங்கும் ஓடாமல் திட்டுகளாக விடுபட்டிருக்க வேண்டும். வெள்ளைப் புலியில் கரிய வரிகள் அப்படியே இருக்க, இடைப்பட்ட செம்மஞ்சள் மட்டும் மறைந்திருக்கிறது. செம்மெலனின் நின்றுபோய், கருமெலனின் பெருமளவு தப்பிவிட்டது என்பது அதன் பொருள். இதற்குக் காரணமான மரபணுவை 2013இல் கண்டறிந்தபோது, ஸ்னோஃப்ளேக்கை வெளுக்கச் செய்த அதே மரபணுவாக அது இருந்தது. பழுது விழுந்த இடம் வேறு என்பதால் விளைவும் வேறு. நீலக் கண்ணும், பல வெள்ளைப் புலிகளுக்கு இருக்கும் மாறுகண்ணும் மட்டும் அல்பினிசத்துடனான உறவைக் காட்டுகின்றன.

வெள்ளைப் புலியைத் தனி இனம் என்று நினைப்பவர்கள் மோகனின் கதையை அறிய வேண்டும். 1951இல் மத்திய இந்தியாவின் ரேவா காட்டில் பிடிபட்ட வெள்ளைக் குட்டிக்கு மகாராஜா மார்த்தாண்ட சிங் வைத்த பெயர் மோகன். வழக்கமான நிறமுள்ள பெண் புலியுடன் அதைச் சேர்த்தபோது பிறந்த குட்டிகள் அனைத்தும் செம்மஞ்சள் நிறத்தவை. பின்னர் அவற்றில் ஒன்றான ராதாவுடன், அதாவது தன் மகளுடனேயே, அது சேர்க்கப்பட்டது. 1958இல் நான்கு வெள்ளைக் குட்டிகள் பிறந்தன.

இது எப்படி நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விதி போதும். ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு படிகளில் வருகிறது. ஒரு படி பழுதாக இருந்தாலும் மற்றப் படி வேலையைச் செய்துவிடுமானால் அந்தப் பழுது வெளியில் தெரியாது. இரண்டும் பழுதானால்தான் தெரியும். இவ்வாறு மறைந்திருக்கும் பண்புக்கு ஒடுங்கு பண்பு என்று பெயர். மோகனிடம் இரண்டு படிகளும் பழுதானவை. அந்த முதல் சேர்க்கையில் பிறந்தவை ஒவ்வொன்றும் தந்தையின் பழுதான படி ஒன்றையும் தாயின் நல்ல படி ஒன்றையும் பெற்றதால் நிறத்துடன் பிறந்தன. ராதா தன்னிடமிருந்த பழுதான படியைக் கொடுத்த குட்டிகளுக்குத் தந்தையிடமிருந்தும் பழுதான படியே கிடைத்ததால் அவை வெளுத்தன. விதிப்படி இரண்டில் ஒரு பங்கு குட்டிகளே வெள்ளையாகப் பிறந்திருக்க வேண்டும். நான்கும் வெள்ளையாக அமைந்தது, நாணயத்தை நான்கு முறை சுண்டி நான்கிலும் பூ விழுந்தது போன்ற தற்செயல். நிறமுள்ள தாய், தந்தை இருவரிடமும் ஒவ்வொரு பழுதான படி மறைந்திருந்தால், ஒவ்வொரு குட்டியும் வெள்ளையாகப் பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு.

காட்டில் இரண்டு பழுதான படிகள் ஒரே குட்டியில் வந்து சேருவது அரிது. நெருங்கிய உறவினர் சேரும்போது அது எளிதாகிவிடுகிறது. கொரில்லாவின் பெற்றோர் உறவும் ராதாவின் கதையும் சொல்வது இதுதான். உறவுக்குள்ளேயே சேர்த்து வெண்மையைப் பெருக்கும்போது, மறைந்திருக்கும் வேறு பழுதுகளும் சேர்ந்தே வெளிப்படும். பூங்காக்களில் வெள்ளைப் புலிகளைப் பெருக்குவதைப் புலிகளைக் காக்கும் பணி என்று சொல்வது என் பார்வையில் பொருந்தாத பேச்சு. அல்பினிசம் பெரும்பாலும் இந்த ஒடுங்கு வகையைச் சேர்ந்தது; லூசிசத்தில் ஒரே படி பழுதானாலே வெளிப்படும் வகைகளும் உண்டு.

பறவைகளும் பாம்புகளும்

மெலனின் இல்லாவிட்டால் வெண்மைதான் மிஞ்சும் என்பது பாலூட்டிகளுக்குப் பொருந்தும்; பறவைகளுக்கும் பாம்புகளுக்கும் எப்போதும் பொருந்தாது. கோபுரப் பொந்துகளில் வாழும் பச்சைக் கிளியின் இறகில் மெலனினுடன் ஒரு மஞ்சள் நிறப்பொருளும் இருக்கிறது. மெலனினை இழந்த கிளி மஞ்சளாகிவிடும். கண் மட்டும் சிவந்திருக்கும். அல்பினோ மலைப்பாம்பில் மஞ்சள் திட்டுகள் இருப்பதற்கும் இதுவே காரணம்.

மயிலின் கதை இன்னும் சுவையானது. குன்றக்குடி மலையடியில் திரியும் மயிலின் கழுத்தில் நீல நிறப்பொருள் ஒரு துளிகூட இல்லை. இறகிழைகளுக்குள் மெலனின் நுண்கோல்கள் சீரான இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த இடைவெளியின் அளவைப் பொறுத்து ஒளியில் நீலமோ பச்சையோ பொன்னிறமோ வலுப்பெற்றுத் திரும்புகிறது. நிறச்செல் வராத மயிலுக்கு அந்தக் கோல்களே கிடையாது. அதனால் நீலம், பச்சை, பொன் மூன்றும் ஒருசேர மறைந்து தோகை முழுவதும் வெளுத்துவிடுகிறது. வெள்ளை மயிலின் கண் சிவப்பாக இருப்பதில்லை. அது லூசிசத்தைச் சேர்ந்தது.

பிறந்த பின் வெளுப்பவை

காங்கேயம் கன்று செந்நிறத்தில் பிறந்து, ஏறத்தாழ ஆறு மாதத்தில் மயிலை எனப்படும் சாம்பல் நிறத்துக்கு மாறும். தோலின் கருமை போவதில்லை. அய்யனாருக்குப் புரவி எடுப்பில் சுமந்து செல்லும் மண்குதிரைகளுக்கு வெள்ளை பூசுகிறார்கள். உயிருள்ள வெள்ளைக் குதிரைகளில் பல கருமையாகவோ பழுப்பாகவோ பிறந்து, ஆண்டுக்கு ஆண்டு நரைத்து வெளுத்தவை. அவற்றின் மூக்கைத் தொட்டுப் பார்த்தால் தோல் கறுப்பாகவே இருக்கும். இளஞ்சிவப்புத் தோலுடன் பிறப்பிலேயே வெள்ளையான குதிரை வேறு வகை. காகத்தின் சிறகில் தோன்றும் வெள்ளை இறகுகளில் பல சத்துக்குறைவாலும் முதுமையாலும் வருபவை. வெள்ளைக் காக்கை மல்லாந்து பறக்கிறது என்று புளுகனைப் பழிக்கிறோம். மல்லாந்து பறக்காவிட்டாலும் வெள்ளைக் காக்கை உண்டு. மனிதர்களுக்கு வரும் வெண்புள்ளியும் பிறந்த பின் வருவதே. நன்றாக இருந்த நிறச்செல்கள் பிற்பாடு அழிவதால் அது தோன்றுகிறது, எவருக்கும் தொற்றாது.

வாங்குபவர் கவனிக்க வேண்டியது

வெள்ளைக் குட்டி வாங்குபவர் அதன் பின்னால் நின்று கை தட்டிப் பார்த்து, திரும்பினால் செவி நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டுவது வழக்கம். ஒரு காது மட்டும் கேளாத குட்டியும் திரும்பத்தான் செய்யும். முற்றிலும் கேளாததுகூடக் காற்றசைவையும் நிழலையும் மற்றக் குட்டிகளின் அசைவையும் பார்த்துத் திரும்பும். காதுகளை ஒவ்வொன்றாக ஒலி கொடுத்து, மூளையில் எழும் மின்னலைகளை அளக்கும் சோதனைதான் உறுதியானது. அது கிடைக்காத இடத்தில், குட்டி தனியே தூங்கும்போது கண்ணில் படாமல், தரை அதிராமல் ஒலியெழுப்பிப் பார்ப்பது கை தட்டுவதைவிட மேல். முதல் சில வாரங்களில்தான் உட்செவித் திசு நலிகிறது என்பதால், ஆறு வாரம் கடந்த பிறகு சோதிப்பதே பொருத்தம். ஒரு காது மட்டும் கேளாத நாய் வீட்டில் குறையின்றி வாழும். அதை இனப்பெருக்கத்துக்கு விடாமல் இருப்பது நல்லது. இளஞ்சிவப்புத் தோலுள்ள எந்த விலங்காயினும், நம் பக்கத்து வெயிலில் உச்சிப்பொழுதில் கட்டிவைத்தால் காது நுனியும் மூக்கும் இமையோரமும் முதலில் புண்ணாகும். ஆறாத புண்ணைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடக் கூடாது.